செய்யாற்று மணலில் கூண்டு வண்டி

லாரியின் பின்பலகையைத் திறந்து, இரண்டு இரும்புச் சட்டங்களைச் சாய்த்து வைத்து அந்த வண்டியை உருட்டி இறக்கியபோது எங்கள் தெருவே அங்கே நின்றிருந்தது. வண்டிக்குக் கதவு இல்லை, முன்கண்ணாடி இல்லை. தலைக்கு மேலே தடித்த இரும்புக் குழாய்களால் ஆன கூண்டு. டிராக்டர் சக்கரம் மாதிரி பட்டை பட்டையாக வெட்டிய நான்கு தடி டயர்கள். முன்னால் இரண்டு பேருக்கு சீட்டு, பின்னால் மூட்டை போட ஒரு தொட்டி. ஸ்டீயரிங் மட்டும் நம் ஊர் வழக்கத்துக்கு மாறாக இடது பக்கம் இருந்தது.

"இன்னாம்மா இது, டிராக்டர் போட்ட குட்டியா?" என்று என்னைக் கேட்டார் எதிர்வீட்டுப் பெரியவர்.

"குட்டி இல்ல மாமா, கூண்டு வண்டி" என்று என் ஓர்ப்படி முந்திக்கொண்டாள். அவள் சும்மா சொன்ன அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஓர்ப்படி என்றால் என் கொழுந்தனாரின் மனைவி. என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். பள்ளியில் கபடி ஆடினவள். இன்றைக்கும் வரப்பைத் தாண்டும்போது எதிராளியைத் தாண்டுகிற மாதிரிதான் தாண்டுவாள். நான் காஞ்சிபுரத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள். கல்யாணமாகி பெருநகர் என்கிற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தக் கிராமத்துக்கு வந்த பிறகுதான் கழனியில் கால் வைத்தேன். என் வீட்டுக்காரர் ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார். கொழுந்தனாருக்கு உத்திரமேரூரில் விதை, உரக் கடை. ஆக, கழனியையும் கொல்லையையும் பார்த்துக்கொள்வது நாங்கள் இரண்டு பேர்தான்.

கழனி ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கொல்லைதான் செய்யாற்றுக்கு அக்கரையில். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற மேட்டு நிலம். வருஷத்தில் பெரும்பாலும் ஆறு வெறும் மணல். ஆனால் அந்த மணலில் தலைச்சுமையோடு நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு அடி எடுத்து வைத்தால் பாதி அடி பின்னால் இழுக்கும். ஸ்கூட்டி புதையும். அறுவடை நேரத்தில் டிராக்டருக்குச் சொல்லி வைத்தால் நம் முறை வருவதற்குள் மழை வந்துவிடும். கடற்கரைச் சாலையில் சுற்றுலாக்காரர்கள் மணலில் ஓட்டி விளையாட இந்த மாதிரி வண்டிகள் வைத்திருந்த ஓர் இடத்தை மூடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, கொழுந்தனார் போய் ஒன்றைப் பிடித்து வந்துவிட்டார்.

வண்டியோடு வந்த ஆள் களத்தில் எங்களுக்கு ஓட்டிக் காட்டினான். கியர் மாற்றுகிற வேலை அதிகமில்லை. ஒரு கம்பியைத் தள்ளினால் முன்னே, இழுத்தால் பின்னே, நடுவில் நின்றால் சும்மா. மேட்டுக்கும் சுமைக்கும் லோ கியர். மணலுக்கு நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்க ஒரு சுவிட்ச். "நம்பர் பிளேட் கெடையாது. ரோட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது. உங்க நெலம், களம், ஆத்துத் தடம், அவ்வளவுதான்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனான்.

முதலில் ஓட்டினது நான். ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டி, காலால் லேசாகத்தான் அழுத்தினேன். வண்டி கன்றுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு கிளம்பியது. நெல் உலர்த்துகிற சிமெண்டுக் களத்தைச் சுற்றி ஒரு வட்டம், இன்னொரு வட்டம். காற்று முகத்தில் அறைந்தது. கூண்டின் குழாய்கள் சீட்டி அடித்தன. நாற்பதைத் தாண்டின பெண்பிள்ளை வாய்விட்டுக் கத்தலாமா என்றெல்லாம் யோசிக்க நேரமே இல்லை, கத்திவிட்டேன். வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன.

"எறங்குக்கா, எறங்குக்கா, நானு!" என்று ஓர்ப்படி கூடவே ஓடிவந்தாள். அவள் முறை வந்ததும் அவளும் கத்தினாள். என்னைவிட அதிகமாக.

அன்றைக்குச் சாயந்திரம் வண்டியைக் கழுவும்போதுதான் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் படத்தைப் பார்த்தோம். வண்டி பக்கவாட்டில் சாய்கிறது. உள்ளே இருக்கிற ஆள் காலை வெளியே நீட்டித் தரையில் ஊன்றப் பார்க்கிறான். அதன் மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. கீழே இங்கிலீஷில் இரண்டு வரி. ஓர்ப்படி அந்தப் படத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போய் போனை எடுத்துவந்தாள்.

அதிலிருந்து அவளுக்கு ஒரு புதுப் பைத்தியம் பிடித்தது. இந்த மாதிரி வண்டிகள் கவிழ்கிற வீடியோவாகத் தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தாள். சோறு தின்னும்போதும், மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதும் அதுதான். எங்கேயோ பாலைவனத்தில், எங்கேயோ மலைச்சரிவில், வெள்ளைக்காரன் ஒருத்தன் உருண்டுகொண்டிருப்பான். இவள் "ஐயோ, கைய எடுடா, கைய எடுடா" என்று போனுக்குள்ளே கத்துவாள். கொழுந்தனார் தலையில் அடித்துக்கொண்டார்.

"வாங்கின வண்டிய ஓட்டாம, அடுத்தவன் கவுர்றத இன்னாத்துக்கு பாத்துக்கினு கீற?"

"நீ வாங்கியாந்த கூண்டு எதுக்குக் கீதுன்னு பாக்கறேன்" என்றாள் அவள்.

சில நாளில் அவளுக்கு ஒரு கணக்கு பிடிபட்டுவிட்டது. மாட்டுக்கொட்டகையில் என்னை நிறுத்திச் சொன்னாள்.

"க்கா, பெல்ட்டப் போட்டுக்கினு உள்ளயே ஒக்காந்துக்கினு கீறவன் எந்திரிச்சி வந்துர்றான். கைய வெளிய வுட்டவன், காலு ஊனப் பாத்தவன், குதிச்சவன், இவனுங்கதான் மாட்றானுங்க. வண்டி அவன் மேலயே வுயுது. கூண்டுக்குள்ள கீற வரைக்கும் நாம கிளி. வெளிய நீட்னா பூனைக்குத்தான்."

சொல்வதோடு விட்டாளா? மறுநாள் வண்டியைக் களத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, என்னை உள்ளே உட்காரவைத்து பெல்ட் மாட்டினாள். கதவுக்குப் பதிலாகப் பக்கவாட்டில் இருக்கிற வலையை இழுத்துக் கட்டினாள். கூலிக்கு வந்த பெண்கள் ரெண்டு பேரைக் கூப்பிட்டுக் கூண்டின் குழாயைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். "ஆட்டுங்க" என்றாள். அவர்கள் ஆட்டினார்கள். இவள் திடீரென்று, "கவுருது! கவுருது!" என்று அலறினாள்.

என் இடது கால் சட்டென்று வலைக்குக் கீழே வெளியே போய்விட்டது.

"காலு போச்சு" என்றாள். "மறுபடி."

மறுபடி ஆட்டினார்கள். இந்தத் தடவை கை போனது. வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் அவள் விடவில்லை. பிறகு இடம் மாறி அவள் உட்கார்ந்தாள், நான் அலறினேன். கபடிக்காரிக்கே கால் வெளியே போனது! உடம்பு அப்படித்தான் பழகியிருக்கிறது. விழுகிறோம் என்றால் ஊன்றத்தான் பார்க்கும். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில், இரண்டு காலும் தளத்தில் என்று அதுவாகவே இறுகுகிற வரைக்கும், வேலை முடிந்த சாயந்திரங்களில் இந்தக் கூத்து நடந்தது. எங்கள் தெருவில் நாடகம் பார்க்க வருகிற மாதிரி ஆட்கள் வருவார்கள்.

இன்னும் சில பழக்கங்களும் தானாக வந்தன. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, மேலே வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வோம். ஹெல்மெட் இல்லாமல் ஏறமாட்டோம். தொட்டியில் மூட்டைதான் போகும், ஆள் போகாது. போகப்போகிற தடத்தில் முதலில் ஒருத்தி நடந்து பார்க்க வேண்டும். சரிவில் நேராக ஏறணும், நேராக இறங்கணும், குறுக்கே திரும்பவே கூடாது. ஏற்றத்தில் ஒருத்திதான் ஓட்டணும், மற்றவள் இறங்கி மேலே நின்று கை காட்டணும். இதில் எல்லாமே வீடியோவில் வந்தது இல்லை. நாங்களாகச் சண்டை போட்டுப் போட்டுப் பிடித்தவையும் உண்டு.

ஐப்பசியில் மல்லாட்டை அறுவடை வந்தது. அக்கரையில் செடி பிடுங்கி, காய் ஆய்ந்து, மூட்டை கட்டி வைத்திருந்தோம். அன்றைக்குக் காலையில் கொழுந்தனார் கடையிலிருந்து போன் செய்தார். மேற்கே நல்ல மழையாம், சாயந்திரத்துக்கு மேல் ஆற்றில் தண்ணி வரலாம் என்று பேச்சாம். நான் வெளியே வந்து பார்த்தேன். எங்கள் தலைக்கு மேலே வெயில். மேற்கே மட்டும் கரும்பலகை மாதிரி வானம்.

"மதியத்துக்குள்ள எல்லாத்தையும் இக்கரைக்குக் கொண்டாந்துரலாம்க்கா" என்றாள் ஓர்ப்படி. அவள் கண் மின்னியது. எனக்கும் உள்ளே தபதபவென்று அடித்துக்கொண்டது. பயம் இல்லை அது, பந்தயத்துக்கு முன்னால் வருகிற துடிப்பு.

ஆற்றின் நடுவே அப்போது ஒரே ஒரு ஓடை, கணுக்கால் அளவுக்கு. கூலிப் பெண்கள் மூட்டையை எடுத்துக் கொடுக்க, ஓர்ப்படி தொட்டியில் தாழ்வாகப் பரப்பிக் கயிறு போட்டு இறுக்க, நான் ஓட்டினேன். மணலில் ஒரு சூட்சுமம் உண்டு: அவசரப்பட்டு மிதித்தால் சக்கரம் குழி பறிக்கும், பயந்து விட்டால் நின்றுபோகும். ஒரே சீராக, பசு நடக்கிற மாதிரி போகவேண்டும். ஓடையில் இறங்கும்போது தண்ணீர் இரண்டு பக்கமும் விசிறி மாதிரி எழுந்தது. இக்கரையில் களத்தில் கொட்டிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பும்போது அந்தக் கனமின்மை! மணல்மேட்டில் லேசாக ஏறி இறங்கினால் வயிற்றில் ஊஞ்சல் ஆடியது.

ஒரு நடையில் பிரச்சினை வந்தது. கூலிப் பெண்களில் மூத்தவள், எங்களிடம் ரொம்ப காலமாக வேலைக்கு வருகிறவள், மூட்டைகளின் மேல் ஏறி உட்காரப் பார்த்தாள். கால் வலி என்றாள்.

"மேல ஏறாதக்கா, எறங்கு" என்றாள் ஓர்ப்படி.

"மூட்டைக்கு ஒக்கார எடம் கீது, எனக்கு இல்லியா?"

"மூட்டையக் கயித்தால கட்டிக்கீறேன். உன்னயும் கட்டட்டுமா?"

மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அது அவளுக்கு இன்னும் கோபமாகிவிட்டது. "ரொம்பத்தான் சட்டம் பேசறீங்கோ" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். நான் என் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சீட்டை அவளுக்குக் கொடுத்து ஹெல்மெட் போடச் சொன்னேன். அதைத் தலையில் போடமாட்டேன் என்று நடந்தே போனாள். அதற்குப் பிறகு எங்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் கடைசி நடை. மேற்குக் கருப்பு எங்கள் தலைமேலேயே வந்துவிட்டது. தூறல் போட்டது. கொல்லையிலிருந்து ஆற்றுக்குள் இறங்க, கரையை வெட்டிச் சாய்வாகப் போட்ட பழைய மாட்டுவண்டித் தடம் ஒன்று உண்டு. அதில் இறங்கி, மணலில் ஓடி, ஓடைக்குப் பக்கம் வந்தேன். கூலிப் பெண்கள் பின்னால் நடந்து வந்தார்கள். ஓடையைப் பார்த்ததும் பிரேக்கை மெதுவாக அழுத்தி நிறுத்தினேன்.

தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. காலையில் கண்ணாடி மாதிரி இருந்தது, இப்போது டீ மாதிரி. மேலே நுரையும் குச்சியும் சருகும் மிதந்து வந்தன. அகலம் இரண்டு பங்காகியிருந்தது. எதிர்க்கரையில், அதாவது எங்கள் ஊர்க் கரையில், எங்கள் களத்து வேப்பமரம் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

"இன்னும் முட்டிகூட இல்ல, வுடு வுடு, சர்ர்னு பூடலாம்" என்றாள் ஒருத்தி.

எனக்கும் கால் பரபரத்தது. காலையிலிருந்து எத்தனை தடவை சர்ரென்று போயிருக்கிறேன்! ஓர்ப்படி பக்கத்து சீட்டிலிருந்து இறங்கினாள். ஒரு கழியை எடுத்துக் கரையோரமாக நின்று தண்ணீருக்குள் ஊன்றினாள். கழி அவள் கையிலிருந்து சாய்ந்தது. மறுபடி ஊன்றினாள். அடியிலிருந்த மணலே ஓடிக்கொண்டிருந்தது, கழி நிற்கவில்லை.

திரும்பி என்னைப் பார்த்து இரண்டு கையையும் குறுக்கே வைத்துக் காட்டினாள்.

"ஓடற தண்ணியில எறங்க வோணாம்க்கா. ஆழம் கொஞ்சம்தான், இழுப்பு கீது."

அந்த நேரத்தில் எங்கள் ஊர்ப் பக்கமிருந்து ஆட்டோ ஒலிபெருக்கி கேட்டது. ஆற்றில் இறங்காதீர்கள், மாடுகளை ஓட்டிவிடுங்கள் என்று பஞ்சாயத்தில் சொல்லிக்கொண்டு போனார்கள். நான் வண்டியைப் பெரிய வட்டமாக அடித்துத் திருப்பினேன். இறங்கி வந்த கரைக்கே திரும்பப் போகவேண்டும். பின்னால் தண்ணீர் மணலை நக்கிக்கொண்டு பரவுகிற சத்தம், யாரோ பட்டுத்துணியை இழுக்கிற மாதிரி.

சரிவுக்குக் கீழே வந்ததும் மறுபடி நிறுத்தினோம். தூறலில் தடம் வழுவழுப்பாகியிருந்தது. ஓர்ப்படி மேலே வரைக்கும் நடந்து ஏறிப் பார்த்துவிட்டு, இறங்கி வந்தாள்.

"உள்பக்கம் கெட்டியா கீது. எடது பக்கம் ஓரத்துல வெடிப்பு கீது. நேரா, வலது பக்கமா ஒட்டிக்கினு வா. பாரத்த எறக்கிருவோம்."

கயிற்றை அவிழ்த்து மூட்டைகளைப் பாதிக்குமேல் இறக்கினோம். பெண்கள் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு மேலே போனார்கள். மூத்தவள் மட்டும் தூக்கின மூட்டையைச் சரிவின் இடதுபக்கம், ஓரத்துக்குக் கீழே மணலில் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"அங்க நிக்காதக்கா, மேல வா!" என்று கத்தினாள், மறுபடி உச்சிக்கு ஏறிவிட்டிருந்த ஓர்ப்படி.

"நான் எங்க நின்னா உனக்கு இன்னா?"

"வண்டிக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிக்கக்கூடாது! வாம்மே! நீ வராத வரைக்கும் வண்டி நவுராது!"

நான் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். தண்ணீர் எங்களுக்குப் பின்னால் மணலின் கடைசி மேட்டைச் சுற்றிக்கொண்டது. மூத்தவள் என்னைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், ஏதோ திட்டிக்கொண்டே மூட்டையை எடுத்துத் தலையில் வைத்து, வண்டிக்குப் பின்னால் சுற்றி வலதுபுறமாக ஏறிப் போய்விட்டாள்.

லோ கியர். நான்கு சக்கரமும். பெல்ட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டேன். வலையைத் தொட்டுப் பார்த்தேன். உச்சியில் ஓர்ப்படி இரண்டு கையாலும் "வா, வா" என்று காட்டினாள். மிதித்தேன். வண்டி மண்ணைக் கடித்துக்கொண்டு ஏறியது. முன்சக்கரம் பாதிச் சரிவைத் தாண்டியது. வானம் மட்டும்தான் தெரிந்தது, அப்புறம் வானத்துக்கு நடுவே ஓர்ப்படியின் தலை. வருது, வருது, வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

இடது பின்சக்கரத்துக்குக் கீழே ஏதோ பொலபொலவென்றது.

வெடிப்பு நாங்கள் நினைத்ததைவிட உள்ளே வரைக்கும் ஓடியிருக்கிறது. ஓரம் அப்படியே பெயர்ந்து விழுந்தது. வண்டி முதலில் லேசாக, யோசிக்கிற மாதிரி சாய்ந்தது. நான் உட்கார்ந்திருந்த பக்கம்தான். தரை என் தோளை நோக்கி எழும்பி வந்தது. என் இடது கை துடித்தது. அது வெளியே போகப் பார்ப்பது எனக்கே தெரிந்தது. ஆனால் போகவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கைப் பிடித்து இறுகிவிட்டன, இரண்டு காலும் தளத்தில் ஒட்டிக்கொண்டன. காதுக்குள் ஓர்ப்படியின் குரல், "கவுருது! கவுருது!" அது களத்தில் கேட்ட குரலா, அப்போது மேலே நின்று கத்தினதா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தடால்!

கூண்டின் குழாய் ஈரமண்ணில் புதைந்தது. வண்டி சரிவின் அடியில் மணலில் இடதுபக்கமாகப் படுத்துவிட்டது. பெல்ட் என் தோளையும் மார்பையும் வெட்டுகிற மாதிரி பிடித்து நிறுத்தியது. கன்னத்துக்குப் பக்கத்தில், வலைக்கு அந்தப் பக்கம், ஈரமணல். மூத்தவள் மூட்டையை இறக்கி வைத்த அதே இடம். வாயில் மண், ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு புஸ்புஸ் என்று கேட்டது. முதலில் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன். அப்புறம் என்னையே ஒவ்வொன்றாகக் கேட்டேன்: கை? இருக்கு. கால்? இருக்கு.

"க்கா! க்கா! வாயத் தெறந்து பேசுக்கா!"

"கீறேன்! கிளி உள்ளயே கீது!" என்று கத்தினேன்.

அவள் அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. இரண்டும் சேர்ந்த ஒரு சத்தம் வந்தது. ஒரு கையால் மேல்குழாயைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பெல்ட்டை அவிழ்த்தேன். பிடிக்காமல் அவிழ்த்திருந்தால் வலைமேல் சரிந்து விழுந்திருப்பேன். பக்கத்து சீட்டின் மேலே கால் வைத்து, கிணற்றிலிருந்து ஏறுகிற மாதிரி, மேல்பக்கம் வழியாக வெளியே வந்தேன். முதலில் கையை நீட்டி என்னை இழுத்தது அந்த மூத்த பெண்தான். இழுத்தவள் கையை விடவேயில்லை. வண்டி படுத்திருந்த இடத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"எம்மாடி" என்றாள். "அங்கதானே நின்னுக்கினு இருந்தேன்."

ஓர்ப்படி ஓடிவந்து எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

சத்தம் கேட்டுக் கொல்லைப் பக்கத்து ஊரிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். கரைக்குப் பக்கத்திலேயே வீடு வைத்திருக்கிற ஒரு தம்பதி, மல்லாட்டை பிடுங்கக் கூலிக்குப் போய்விட்டு வந்த நாலைந்து பேர். அந்தக் கரையோர வீட்டுக்காரர் மாடு கட்டுகிற தடிக் கயிறு கொண்டுவந்தார். தண்ணீர் சரிவின் காலடிக்கு வர இன்னும் கொஞ்சம்தான். பெட்ரோல் ஒழுகுகிறதா என்று முகர்ந்து பார்த்துவிட்டு, கூண்டின் மேல்குழாயில் கயிறு கட்டி, கரைமேல் நின்று எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். "ஏலேலோ" பாடவில்லை, திட்டிக்கொண்டேதான் இழுத்தோம். வண்டி ஒரு முறை முனகியது, மறுமுறை அசைந்தது, தொப்பென்று நாலு காலில் நின்றது. ஜனம் கைதட்டியது. தண்ணீரும் ஒரு சாண் ஏறியது.

இந்தத் தடவை தடத்தின் உள்பக்கத்தில், முன்னால் கயிறு கட்டி மேலே மரத்தில் ஒரு சுற்று சுற்றிப் பிடித்துக்கொள்ள, நானே ஓட்டி ஏற்றினேன். கயிற்றுக்கு நேரே யாரும் நிற்கக்கூடாது என்று கத்தினது ஓர்ப்படி இல்லை, மூத்தவள். கரைமேல் சமதளத்தில் நான்கு சக்கரமும் நின்ற பிறகுதான் சாவியைத் திருப்பி அணைத்தேன்.

வண்டி அக்கரையிலேயே மாட்டிக்கொண்டது. பாலம் வழியாகக் கொண்டுவரலாம் என்றால் அது ரோடு. நம்பர் பிளேட் இல்லாத வண்டிக்கு அந்தப் பேச்சே கிடையாது. கரையோர வீட்டுப் பெண்மணி, "எங்க கொட்டாயில வுட்டுட்டுப் போங்கம்மா, ஆறு வடிஞ்சா எடுத்துக்கலாம்" என்றாள். மீந்த மூட்டைகளையும் அங்கேயே போட்டோம்.

நாங்கள் எல்லோரும் மெயின் ரோட்டுக்கு நடந்து போய் டவுன் பஸ் ஏறினோம். சட்டை முழுக்க மண். ஓர்ப்படி மடியிலும் என் மடியிலும் ஆளுக்கொரு ஹெல்மெட். கண்டக்டர் எங்கள் மகளிர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "பைக் எங்கம்மா?" என்றார். ஓர்ப்படி என் முகத்தைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், அவ்வளவுதான். ஆற்றுப் பாலம் வருகிற வரைக்கும் சிரிப்பு நிற்கவில்லை. பஸ் பாலத்தில் ஏறும்போது எல்லோரும் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தோம். கரையிலிருந்து கரைவரைக்கும் பழுப்பாக, புரண்டு புரண்டு ஆறு போய்க்கொண்டிருந்தது. காலையில் நான் ஓட்டின தடம் எங்கே என்று தெரியவில்லை.

ராத்திரி என் வீட்டுக்காரர் என் தோளில் இருந்த பெல்ட் தடத்தைப் பார்த்தார். கருநீலமாகப் பட்டை போட்டிருந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "இது இல்லன்னா?" என்று மட்டும் கேட்டார். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன்.

ஆறு வடிய நாள் பிடித்தது. ஒரு காலை வேளையில் ஓர்ப்படியும் நானும் மணலில் நடந்தே அக்கரைக்குப் போனோம், தடத்தை மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டு. கரை இடிந்த இடத்தை அந்த ஊர்க்காரர்கள் சீர் செய்து ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். கொட்டகையில் வண்டி இருந்தது. ஓட்டுகிறவர் கால் வைக்கிற இடத்தில் ஒரு நாட்டுக்கோழி, வைக்கோலைப் பரப்பிக்கொண்டு, முட்டைமேல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

"அடையில ஒக்காந்துடுச்சிம்மா" என்றாள் வீட்டுக்காரப் பெண்மணி, தன் வீட்டுப் பிள்ளை தப்பு செய்துவிட்ட மாதிரி. "தூக்கினா கொத்துது."

கோழியைக் கூடைக்கு மாற்றுவதற்குள் ஓர்ப்படியின் புறங்கையில் மூன்று இடத்தில் ரத்தம். டயரில் காற்று, எண்ணெய், பிரேக் எல்லாம் பார்த்து, கூண்டின் குழாய்களைத் தட்டித் தட்டிப் பார்த்தோம். ஒரு இடத்தில் லேசாக நசுங்கியிருந்தது, அவ்வளவுதான். சாவியைத் திருப்பினேன். கொஞ்சம் இருமிவிட்டுக் கிளம்பியது.

அந்தப் பெண்மணி வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு ரவுண்டு வரீங்களா?" என்று கேட்டேன்.

"நானா?" என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரையாவது கேட்கிறேனோ என்று. அதற்குள் ஓர்ப்படி தன் ஹெல்மெட்டைக் கழற்றி அவள் தலையில் மாட்டி, முந்தானையைச் செருகி, பெல்ட்டைக் கட்டி, வலையை இழுத்துவிட்டு, "கை உள்ளயே இருக்கணும்" என்று விரலை ஆட்டினாள்.

கொல்லைமேட்டில், சமதளத்தில், அளவான வேகத்தில்தான் ஓட்டினேன். முதல் திருப்பத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது திருப்பத்தில் திறந்தாள். மூன்றாவது திருப்பத்தில், அவள் வீட்டுக்காரர் கொட்டகை வாசலில் பல் விளக்கிக்கொண்டே வாயைத் திறந்து பார்க்க, காக்கையெல்லாம் பறக்கிற மாதிரி ஒரு கூச்சல் போட்டாள்.

"இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் வேகமா!"

"வோணாம்" என்றேன் நான், சிரித்துக்கொண்டே. கால் மட்டும் இன்னும் கொஞ்சம் அழுத்தியது.